ஏ.எம்.எச். குறைவா? முதலில் கண்ணைத் துடையுங்கள்

போன வாரம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அழத் தொடங்கினார். வயது 29. திருமணமாகி ஏழு மாதம். எதற்கும் பார்த்து வைக்கலாமே என்று யாரோ சொல்ல, கருமுட்டை இருப்பைக் கணிக்கும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார். அளவு 0.9, அதாவது குறைவு. "எனக்குக் குழந்தையே பிறக்காதா டாக்டர்?" இந்த மாதம் இதே கேள்வியோடு வந்த நான்காவது பெண் அவர். முதல் மூவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இனி எழுதிவிடுவதே மேல்.

ஏ.எம்.எச். சினைப்பையிலுள்ள சிறு ஃபாலிக்கிள்களில், அதாவது முட்டை வளரும் நுண்ணிய பைகளில், சுரக்கும் ஹார்மோன். ஐ.வி.எஃப். எனும் சோதனைக் குழாய்க் குழந்தை சிகிச்சையில் ஊசி போட்டால் ஏறத்தாழ எத்தனை கருமுட்டைகள் கிடைக்கும் என்று கணிக்க உதவுகிறது. அதன் வேலை அத்துடன் முடிந்தது. நீங்கள் தாயாவீர்களா என்று அதற்குத் தெரியாது. இயல்பாகக் கருத்தரிக்க மாதம் ஒரு முட்டை போதும். வரிசையில் ஐந்து காத்திருந்தாலும் இருபது காத்திருந்தாலும் அந்த மாதம் வெளிவருவது பெரும்பாலும் ஒன்றுதான். 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களைக் கவனித்தார்கள். ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும், மறுவாரம் அதே தாளை நீட்டுகிறார்கள்!

முட்டையின் தரத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது வயது. 41 வயதில் ஏ.எம்.எச். 3 இருந்தால் முட்டைகள் கூடுதலாகக் கிடைக்கலாம்; ஆனால் அவற்றில் பாதிக்கும் மேல் குரோமோசோம் கோளாறுடன் இருக்கும். 29 வயதில் கிடைக்கும் நான்கு முட்டைகளை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அலகையும் பாருங்கள். ஒரு தம்பதியர் ஆய்வகத்தை மாற்றியதும் 1 என்றிருந்தது 7 ஆகிவிட்டதென்று இனிப்போடு வந்தார்கள். முதல் அறிக்கை நானோகிராமில், அடுத்தது பிகோமோலில். இரண்டும் ஒரே அளவுதான். இனிப்பை வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்தில் அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏ.எம்.எச்.-ஐக் கூட்டுவதாக விற்கப்படும் பொடிகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், கோபம் வரும்.

நாங்கள் ஒற்றை எண்ணை நம்புவதில்லை. வயது, மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஸ்கேனில் எண்ணும் சிறு ஃபாலிக்கிள்கள், முன்பு செய்த சினைப்பை அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். அப்படியும் பன்னிரண்டு முட்டை எதிர்பார்த்து ஐந்தில் நின்றிருக்கிறேன். முதல் ஐ.வி.எஃப். சுற்றில் சினைப்பை எப்படி நடந்துகொண்டது என்பதைவிட நல்ல ஜோசியம் கிடையாது. பழைய சிகிச்சைக் கோப்பைத் தயவுசெய்து கொண்டுவாருங்கள். இன்னொன்று: டோஸைக் கூட்டச் சொல்லி மன்றாடாதீர்கள். அந்த மாதம் வரிசையில் நிற்கும் ஃபாலிக்கிள்களை ஊசி வளர்க்கும், இல்லாததை உண்டாக்காது. நாளொன்றுக்கு 300 யூனிட்டுக்கு மேல் போவதை ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை.

35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்ற பிறகு வாருங்கள். 35-ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்தில். மாதவிடாய் ஒழுங்கில்லையென்றால் காத்திருக்கவே வேண்டாம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது எதிர்ப்பக்கம். பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் ஏ.எம்.எச். 9 என்று பெருமையோடு வருகிறார்கள். இவர்களின் சினைப்பை ஊசிக்கு அளவுமீறிப் பொங்கி, வயிற்றில் நீர் கோக்கலாம். அதனால்தான் டோஸைக் குறைக்கிறோம், முட்டை முதிர்வதற்கான கடைசி ஊசியை மாற்றுகிறோம், கருக்களை உறையவைத்துப் பிறகு வரச் சொல்கிறோம். தாமதப்படுத்துகிறோம் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பினால், வாந்தி நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், எடை திடீரென ஏறினால், மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள்.