சாத்தானுக்குக் ‘கள்’ ஊற்றாதீர்கள்

காட்பாடியில் அக்கா வீட்டுக்குப் போனால் மாடியிலிருந்து வாள் வீசும் ஓசைதான் முதலில் வரவேற்கும். அக்கா மகன் பத்தாம் வகுப்பு. பொங்கல் விடுமுறையில் ஆரம்பித்த ‘டெவில் மே கிரை’ என்ற வீடியோ விளையாட்டு இன்னும் முடிந்தபாடில்லை. போன வாரம் படியேறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “மாமா, பாத்துக்கினே இரு. இப்ப ஒரே காம்போல ஆறு சாத்தான மேல தூக்கறேன்” என்றான். தூக்கினான். அடுத்த அறையில் ஒன்பது சாத்தான் வந்தது. பக்கத்தில் போனில் யாரோ ஒருவரின் தமிழ் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. “சாத்தான்கள் படை படையா வராங்க மக்களே” என்றார் அவர். விளையாட்டின் பெயரையும் விட்டுவைக்கவில்லை, தமிழாக்கியிருந்தார்: ‘சாத்தான் அழலாம்’. வாத்தியார் பையனைப் பார்த்து “நீ வெளியே போகலாம்” என்று அனுமதி கொடுப்பதுபோல.

சாத்தான்கள் என்ற சொல்லை இதோடு எத்தனையாவது முறை கேட்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம், சீக்கிரமாக. ஆங்கிலத்தில் டீமன், டெவில் என்று வருவதைத்தான் இவர்கள் சாத்தான் என்கிறார்கள். டீமன் என்பது கிரேக்கத்து ‘டைமோன்’. பங்கிட்டுக் கொடுப்பவர் என்று வேர்ப்பொருள் சொல்வார்கள். ஊழை அளந்து போடும் தெய்வம். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தன்னைத் தவறான காரியத்தில் இறங்கவிடாமல் தடுத்த உட்குரலை சாக்ரடீஸ் இதன் உறவுச் சொல்லால்தான் குறித்தார். கிறித்தவம் பரவிய பிறகு பழைய தெய்வங்கள் கெட்ட ஆவிகளாகின, சொல்லும் கூடவே கெட்டது. டெவில் வேறு சொல்: ‘டியாபொலோஸ்’, கோள்மூட்டி. சாத்தான் எபிரேயம்: எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன். பைபிளில் வரும் யோபுவின் கதையில் அவன் கடவுளின் சன்னதியில் வந்து நின்று பேசுகிறான். ஏறக்குறைய அரசுத் தரப்பு வக்கீல் வேலை.

ஆக மூன்று சொல், மூன்று வேலை. மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது ஏன்? வேலூரில் சாத்தான் என்ற சொல் புதிதல்ல. 1853-இல் ஆற்காடு மிஷன் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்து ஊர்களில் பிரசங்கம் நடக்கிறது. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சாத்தானைத் தெரியும். ஆனால் அந்தப் பிரசங்கத்தைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தமிழ் பைபிள் சாத்தானை ஒருமையில்தான் வைத்திருக்கிறது. கூட்டமாக வந்து மனிதனைப் பிடிப்பவற்றுக்குப் ‘பிசாசுகள்’ என்று பெயர். கல்லறைகளில் திரிந்தவனிடம் இயேசு பெயர் கேட்டபோது ‘லேகியோன்’, அதாவது பெரும்படை, என்று பதில் வருகிறதே, அவை பிசாசுகள், சாத்தான்கள் அல்ல. சாத்தான் ஒருவன். அவனுக்குக் ‘கள்’ ஊற்றிக் கூட்டமாக்கியது போதகர் அல்ல, நம் வர்ணனையாளர்கள்.

இதைச் சொன்னதும் பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் மடக்கினார். “எங்கள்ல ஷைத்தான் நெறைய பேர் உண்டு சார். இப்லீஸ்தான் ஒருத்தன்.” உண்மைதான். அரபியில் ஷைத்தான் இனப்பெயர், அதற்கு ஒழுங்கான பன்மையும் இருக்கிறது. அவர் ‘ஷைத்தான்கள்’ என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் வர்ணனையாளர் அந்தக் கணக்கிலா சொன்னார்? ஆங்கிலப் படத் துணுக்குகளில் பழகிய வாய் அது. டீமன் வந்தாலும் சாத்தான், டெவில் வந்தாலும் சாத்தான், ஈவில் ஸ்பிரிட் வந்தாலும் சாத்தான்.

போதாக்குறைக்குப் பழைய சாத்தன் வேறு பாவம். அது நம் ஊரில் நல்ல மனிதர்களின் பெயர். மணிமேகலை பாடியவர் சீத்தலைச் சாத்தனார். தமிழ்ப் பாடத்தில் அந்தப் பெயர் வந்தபோது வகுப்பே சிரித்ததாம். அக்கா மகனே சொன்னான். ஒரு கால் முளைத்ததும் புலவர் நரகத்துக்குப் போய்விட்டார்.

இலக்கணத்தை விடுங்கள். கதைக்காவது பொருந்துகிறதா? 2001-இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளியிட்ட விளையாட்டு இது. காமியா ஹிதெகி இயக்கியது. ‘ரெசிடென்ட் ஈவில்’ வரிசையில் நாலாவதாக வர வேண்டியது திசை மாறித் தனிக் குடித்தனம் வந்தது. கதை இவ்வளவுதான்: இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பார்டா என்ற வீரன், தன் இனத்துக்கே அரசனான முண்டஸை எதிர்த்து மனிதர் பக்கம் நின்றான். மனிதப் பெண் ஈவாவை மணந்தான். இரட்டைப் பிள்ளைகள், டான்டே, வெர்ஜில். தாய் கொல்லப்பட்டாள். டான்டே தன் தகப்பன் இனத்தையே வேட்டையாடும் தொழிலில் இறங்குகிறான். அண்ணன் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறான்.

இதில் எங்கே இருக்கிறான் சாத்தான்? சாத்தானுக்குக் கல்யாணம் உண்டா, பெண்டாட்டி பிள்ளை உண்டா, பங்காளிச் சண்டை உண்டா? கூத்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் பக்கம் இரண்டு பேர் திரை பிடிக்க, வேஷக்காரர் உள்ளிருந்து பாடிக்கொண்டே வருவார். “தாங்கள் யார், எந்த நாடு, தாய் தகப்பன் யார்?” என்று கட்டியங்காரன் குடைவான். அந்தக் கேள்விக்குச் சாத்தானால் பதில் சொல்ல முடியாது. டான்டே மூச்சு விடாமல் சொல்வான்: தகப்பன் இன்னான், தாய் இன்னாள், பகை இன்னாரோடு. குலமும் பெயரும் உடம்பும் ரத்தமும் உள்ள இனம் அது. அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: அரக்கன்.

குலத்தை விட்டுப் போய் எதிரியோடு நின்ற ஸ்பார்டாவைப் பார்த்தால் விபீஷணன் ஞாபகம் வரவில்லையா? பாதி மனிதன், பாதி அரக்கன் என்றால் நமக்குக் கடோற்கசனைத் தெரியாதா, பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன்? திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் கேட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்த ஜப்பானியக் கதையில் விளக்க வேண்டியதே இல்லை. விளக்கம் தேவைப்படுவது சாத்தான் என்று சொன்ன பிறகுதான்.

அரக்கன் வடமொழி ராட்சசனின் தமிழ் உரு. ர-வில் சொல் தொடங்காது என்பதால் முன்னே ஓர் அ, நடுவே க்க. அரங்கமும் அப்படி வந்ததுதான். ‘காப்போம்’ என்று சொல்லிப் பிறந்தவர்கள் ராட்சசர் என்று உத்தர காண்டம் வேர்ப்பொருள் சொல்கிறது. கேட்க நன்றாயிருக்கிறது, அவ்வளவே. அசுரன் ஏன் கூடாது? அசுரனுக்குச் சண்டை தேவர்களோடு. மனிதனைப் பிடித்துத் தின்பவன் அரக்கன். இந்த விளையாட்டில் தேவர்கள் யாரும் இல்லை. (பகாசூரனும் கணக்குப்படி அரக்கன்தான். கூத்துக்காரர்கள் சூரன் என்றே பழகிவிட்டார்கள். அவர்களை நான் திருத்தப் போவதில்லை, அடி விழும்.)

ஆற்காட்டு நண்பர் ஒருவருக்கு இந்த வடமொழி வாடைதான் பிடிக்கவில்லை. தனித்தமிழ்ப் பற்றாளர். பேயைக் குறிக்கும் ‘அலகை’ என்பதே தூய சொல், ஆகவே ‘அலகை வேட்டுவன்’ என்றார். அலகை நல்ல சொல்தான். உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் அலகையாக வைக்கப்படுவான் என்கிறது 850-ஆவது குறள். ஆனால் இன்று அந்தச் சொல் எங்கே உயிரோடு இருக்கிறது தெரியுமா? 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில், டெவிலுக்கு நேராக. சாத்தானை முன்வாசலில் துரத்திப் பின்வாசலில் கூப்பிட்டு உட்கார வைத்ததுபோல் ஆகிவிடும் ஐயா என்றேன். அவர் விடவில்லை. அரக்கனே அரக்கு நிறத்திலிருந்து வந்த தமிழ்ச் சொல்தான் என்று கடைசியில் ஒரு போடு போட்டார். அப்படியானால் இவ்வளவு நேரம் ஏன் சண்டை போட்டோம் என்று எனக்குப் புரியவில்லை.

வேர் எதுவானாலும் அரக்கன் நம்மோடு குடியிருக்கும் காலத்தைப் பார்க்க வேண்டாமா? புறநானூறு 378-இலேயே ‘வலித்தகை அரக்கன்’ வந்துவிட்டான், சீதையை வௌவியவனாக. அந்தப் பாட்டின் வேடிக்கை இந்த விவகாரத்துக்கு மிகவும் பொருத்தம். சோழன் இளஞ்சேட்சென்னி பரிசாக நகைகளை அள்ளிக் கொடுக்கிறான். புலவரின் ஏழைச் சுற்றத்தார் அவற்றைக் கண்டதில்லை. விரலில் போடுவதைக் காதில் மாட்டுகிறார்கள், காதில் போடுவதை விரலில் செருகுகிறார்கள், இடுப்பணியைக் கழுத்தில் கட்டிக்கொள்கிறார்கள். சீதை எறிந்த நகையைக் குரங்குகள் எடுத்து மாட்டிக்கொண்டதுபோல் என்கிறார் ஊன்பொதி பசுங்குடையார். அந்தச் சுற்றத்தாராவது பசியில் வாடியவர்கள். கையில் அகராதியை வைத்துக்கொண்டே காதணியை விரலில் செருகும் இன்றைய மொழிபெயர்ப்பாளரை என்ன செய்வது? ஹெல் வந்தால் நரகம், நைட் வந்தால் மாவீரன், ஆர்ப் வந்தால் உருண்டை. சிவப்பு உருண்டை சேகரியுங்கள் என்கிறார். லட்டா அது?

ஜப்பானியப் பக்கம் போய்ப் பார்த்தாலும் சாத்தான் இல்லை. அங்கே இந்த இனத்துக்குச் சொல் ‘அகுமா’. அதன் பின்பாதியில் நிற்கும் ‘மா’ என்ற எழுத்து, பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் மாரன் என்ற பெயரை எழுத உண்டாக்கியது. புத்தரின் தவத்தைக் கெடுக்க வந்த மாரன். ‘மாரனை வெல்லும் வீர’ என்று மணிமேகலை போற்றுகிறதே, அவனேதான். சாத்தனார் பாடிய பகைவன் சீனம் சுற்றி, ஜப்பான் சுற்றி, காட்பாடி மாடியறைக்கு வந்து சேர்ந்தால், நாம் அவனுக்குச் சாத்தான் என்று பெயர் வைக்கிறோம். ஆனால் மாரன் என்று சொல்லச் சொல்ல மாட்டேன். தமிழில் அவன் கரும்பு வில்லோடு மன்மதனாகிவிட்டான். டான்டே அவனைச் சுட்டால் கதையே வேறு.

எல்லாவற்றையும் அரக்கன் என்றும் சொல்லிவிடக் கூடாது. முதல் ஆட்டத்தில் ஆரம்பத்தில் எதிர்ப்படுபவை பொம்மைகள். உடம்பில்லாத கீழ்த்தர ஆவிகள் புகுந்து அவற்றை ஆட்டுகின்றன. அது பேய். பேய் பிடித்த பொம்மை. இன்றைய படங்களால் பேய் என்றாலே செத்துப்போன பெண், வெள்ளைப் புடவை என்றாகிவிட்டது; பழைய பேய் அப்படியல்ல. பரணி நூல்களில் போர்க்களத்தில் கூழ் சமைத்துக் குடிக்கும் பேய்கள் யாருடைய ஆவியும் அல்ல, அவை ஒரு தனிக் கூட்டம். ஆகப் பொம்மைக்குள் புகுந்தது பேய், எதிரே நின்று பெயர் சொல்லிப் பேசிச் சண்டை போடுவது அரக்கன். பையன்கள் ‘பாஸ்’ என்கிறார்களே, அவன் அரக்கன். அவன் பாதி உயிர் போனதும் வேறு உருவெடுப்பது இவர்களுக்கு அதிசயம். சூரசம்ஹாரத்தில் தலையை மாற்றி மாற்றி வருகிறானே, யானைமுகம், சிங்கமுகம், பிறகு சூரன், கடைசியில் மாமரம். ஐப்பசியில் ரத்தினகிரிக்கு வந்து பார் என்று சொல்லியிருக்கிறேன்.

சண்டை முறையும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கொன்றால் போதாது, அழகாகக் கொல்ல வேண்டும். வாளால் மேலே தூக்கி, விழுவதற்குள் இரண்டு கைத்துப்பாக்கியாலும் சுட்டு, இறங்கும்போது மறுபடி வெட்டு. அடி மாறி மாறி வந்தால் ‘டி’-யிலிருந்து ‘எஸ்’ வரை தரம் ஏறும். ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஏறாது, அடி வாங்கினால் இறங்கும். நம் வர்ணனையாளர்களுக்கும் இப்படி ஒரு தரம் வைத்தால் நல்லது. ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னால் மதிப்பெண் போகும்.

பெயருக்கு வருகிறேன். 2005-இல் வந்த மூன்றாம் ஆட்டத்தின் முடிவில் அண்ணனை இழந்த டான்டேயின் கண் கலங்குகிறது. அன்பானவரை இழந்தால் அப்படிப்பட்டவனும் அழக்கூடும் என்று ‘லேடி’ என்ற பெயருள்ள வேட்டைக்காரி சொல்கிறாள். அதிலிருந்துதான் அவன் வேட்டைத் தொழில் நடத்தும் கடைக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் ஒரு துணைவினை செய்த வேலையைத் தமிழில் ஓர் ‘உம்’ செய்துவிடும். ‘அரக்கனும் அழுவான்’. அவனுமா என்ற வியப்பும் அதிலேயே இருக்கிறது. அழலாம், கூடும், இயலும் எதுவும் வேண்டாம்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். கை கன்ட்ரோலரில், கண் திரையில். தலையை மட்டும் ஆட்டினான். ‘டெவில் ட்ரிக்கர்’ என்று ஒன்று இருக்கிறது. திரையில் இருக்கும் ஒரு கோடு போதிய அளவு நிரம்பியதும் டான்டேக்குத் தகப்பன் வழி ரத்தம் பொங்கி, உருவம் மாறி, வேகம் கூடி, கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று எனக்கே பிடிபடவில்லை. அரக்க உரு? பேருரு? யோசித்துக்கொண்டிருக்கும்போது திரையில் கோடு நிரம்பியது.

“மாமா, மருள் ஏறிடுச்சு” என்றான்.

மாசியில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளைக்கு அக்கா வருஷா வருஷம் அவனை அழைத்துப் போவாள். அங்கே பிடித்த சொல். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “இதாண்டா, இத யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?”

“தெர்ல. அப்டியே வந்துச்சு. கொஞ்சம் நகரு மாமா, சாத்தான் வருது.”