மறுபடி உருட்டலாம் என்றால், எப்போது?

கூடலூரில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். எங்கள் தெருக் கல்லூரிப் பிள்ளைகள் அப்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த கதை விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். இவர்கள் கதைக்களத்தை ஊசிமலைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வாக்குவாதம் மட்டும் அடிக்கடி ஒரே இடத்தில் வருகிறது: மறுபடி உருட்டும் சலுகை.

தாயக்கட்டை ஆடிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பும். தாயம் விழுந்தால் கிடைப்பது கூடுதல் ஆட்டம். முதலில் விழுந்ததும் நமக்கு, அடுத்ததும் நமக்கு. இங்கே பெரும்பாலும் முதல் எண் அழிந்துவிடும். அதனால் அழிக்கலாமா என்று எந்த நேரத்தில் முடிவெடுக்கிறோம் என்பதுதான் எல்லாம்.

ஊசிமலைப் பாறையில் ஏற 15 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று வைப்போம். ஒரே உருட்டலில் வாய்ப்பு 30 சதவீதம். தோற்றது தெரிந்த பிறகு ஒருமுறை மறுபடி உருட்டலாம் என்றால், தோற்கும் 70 சதவீதத்திலும் 30 சதவீதம் மீளும். அதாவது இன்னும் 21. மொத்தம் 51.

இலக்கு எண்ணைக் கதை நடத்துபவர் மறைத்து வைத்திருந்தால்? 12 விழுகிறது. போதுமா, தெரியாது. பகடையின் சராசரி 10.5 என்பதால் 10 வரை விழுந்தால் உருட்டுவது, 11 முதல் வைத்துக்கொள்வது என்று ஒருவர் ஆடுவார். அப்போது வாய்ப்பு 45 சதவீதம்தான். 11 முதல் 14 வரை விழுந்தவற்றை நல்ல எண் என்று நம்பி வைத்துக்கொண்டதில் 6 சதவீதம் போய்விட்டது. பகடையும் அதே, சலுகையும் அதே. ஆகவே 'முடிவு தெரிவதற்கு முன்பா, பின்பா' என்பதை ஆட்டம் தொடங்கும்போதே பேசிவிட வேண்டும் என்பேன்.

அடுத்து, புது எண்ணைக் கட்டாயம் ஏற்க வேண்டுமா? 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் பெரிய ஆயுத வீரருக்கு ஒரு சலுகை உண்டு: அடி எதிரியை எவ்வளவு பாதிக்கிறது என்று சொல்லும் சேதப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் மறுபடி உருட்டலாம், ஆனால் மீண்டும் 1 விழுந்தாலும் அதுதான் கணக்கு. இரண்டு 6 முகப் பகடை உருட்டும் பெரிய வாளின் சராசரி 7-லிருந்து 8.33 ஆகிறது. ஒரு 12 முகப் பகடை உருட்டும் பெரிய கோடரிக்கு 6.5 என்பது 7.33 ஆகிறது. 6 முகத்தில் 1, 2 விழுவது மூன்றில் ஒரு பங்கு, 12 முகத்தில் ஆறில் ஒரு பங்கு. அதனால் வாளுக்கே லாபம் அதிகம்.

அப்புறம் 'அட்வான்டேஜ்': இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது. அதோடு ஹாஃப்லிங் என்ற கதைக் குள்ள இனத்தாரின் அதிர்ஷ்டமும் சேரும்போது சிக்கல் வரும். அவர்களுக்கு 1 விழுந்தால் மறு உருட்டல் உண்டு. அந்தப் பதிப்பின் விதி தெளிவானது: ஒரு பகடையை மட்டுமே மறுபடி உருட்டலாம். 1, 13 விழுந்தால் 1-ஐ எடுத்து உருட்டுங்கள், 13 அப்படியே நிற்கும். இரண்டிலும் 1 விழுந்தாலும் ஒன்றைத்தான் தொடலாம். அப்படி விழுவது 400-ல் ஒரு முறை என்ற வாய்ப்புதான். அதற்காக ஆட்டத்தை நிறுத்தி வாதாட வேண்டியதில்லை.