வைட்டமின் சி குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏன் தேங்குகிறது?

பென்னாகரம் பக்கம் சித்திரை வெயிலில் பச்சை கண்ணில் படாமல் சீமைக்கருவேல நெற்றைப் பொறுக்கித் தின்னும் வெள்ளாட்டுக்கு, வைட்டமின் சி குறைபாட்டு நோயான ஸ்கர்வி வருவதில்லை. அதன் கல்லீரல் குளுக்கோஸிலிருந்து அந்த வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்கிறது; மாடும் செம்மறியும் எலியும் அப்படியே. கோழி அந்த வேலையைச் சிறுநீரகத்தில் செய்கிறது. இந்தத் தயாரிப்பின் கடைசிப் படிக்கு வேண்டிய குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ் என்னும் நொதி மனிதனிடமும் கினிப்பன்றியிடமும் வேலை செய்வதில்லை. அதனால்தான் 1907 முதல் ஸ்கர்வி ஆய்வுகளுக்குக் கினிப்பன்றி பயன்பட்டு வருகிறது.

கொலஸ்ட்ராலின் நான்கு வளைய அமைப்பை விலங்குடலால், சர்க்கரையை எரிப்பதுபோல் எரித்துத் தீர்க்க முடியாது. கல்லீரல் அதைப் பித்த அமிலமாக மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புவதே அதைக் கழிப்பதற்கான முக்கிய வழி. அப்படி அனுப்பியதில் ஏறத்தாழ 95 சதவீதத்தைக் குடல் மீண்டும் உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பிவிடுகிறது. மலத்தோடு வெளியேறிவிடும் சிறு பங்கை ஈடுசெய்யவே கல்லீரல் மேலும் கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலம் செய்கிறது. இம்மாற்றத்தின் தொடக்கத்தில், கொலஸ்ட்ராலின் 7ஆம் கார்பன் அணுவில் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றை ஒரு நொதி பொருத்துகிறது. ஏரி மதகைத் தூக்கிய அளவுக்கே வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல, இந்த நொதியின் வேகமே பித்த அமில உற்பத்தி முழுவதன் வேகத்தையும் தீர்மானிக்கிறது.

இன்றைய ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில் 1970களில் எமில் கின்டர் என்னும் ஆய்வாளர், கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி முற்றிவிடாமலும், அதே சமயம் வைட்டமின் சி நெடுநாள் பற்றாக்குறையாகவே இருக்கும்படியும் உணவளித்து ஆராய்ந்தார். அவற்றின் பித்த அமில உற்பத்தி குறைந்தது. கல்லீரலிலும் இரத்தத்திலும் கொலஸ்ட்ரால் சேர்ந்தது. குறைபாடுள்ள கினிப்பன்றியின் கல்லீரலில் மேற்சொன்ன நொதியின் செயல்பாடு தளர்வதையும் ஆய்வுகள் காட்டின. இதை வைத்து, போதிய வைட்டமின் சி ஏற்கெனவே உள்ள உடலில் மேலும் மேலும் சேர்த்தால் கொலஸ்ட்ரால் அதே கணக்கில் இறங்கும் என்று முடிவுகட்டுவது தவறு. ஆய்வு காட்டியது குறைபாட்டின் விளைவை மட்டுமே.

அப்படியானால், தானே தயாரித்துக்கொள்ளும் கோழிக்கு ஓசூர்ப் பக்கப் பண்ணைகளில் கோடையில் வைட்டமின் சி கலந்த தண்ணீர் எதற்கு? சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பியில் வைட்டமின் சியும் கொலஸ்ட்ராலும் ஒருங்கே செறிந்திருக்கின்றன. உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்டிகோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் கொலஸ்ட்ராலிலிருந்தே உருவாவதால், அச்சுரப்பி தூண்டப்படும்போது இரண்டின் இருப்பும் சேர்ந்து சரிவதை 1940களிலேயே எலிகளில் கண்டறிந்தனர். கடும் வெயிலும் இச்சுரப்பியைத் தூண்டுவதால், அப்போது கோழியின் உடலுக்கு வைட்டமின் சி கூடுதலாகத் தேவைப்படுகிறது. சொந்தத் தயாரிப்போ அதற்கு ஈடுகொடுப்பதில்லை. வைட்டமின் சியின் சாதாரண வடிவமான அஸ்கார்பிக் அமிலம் சூட்டிலும் காற்றிலும் விரைவில் சிதைவதால், தண்ணீரில் அவ்வப்போது புதிதாகக் கலந்து வைக்க வேண்டும். தீவனத்தில் சேர்ப்பதற்குப் பாஸ்பேட்டோடு பிணைந்த அஸ்கார்பேட் ஏற்றது. அது எளிதில் கெடாது, குடலிலுள்ள பாஸ்படேஸ் நொதிகள் பிணைப்பை அறுத்து வைட்டமினை விடுவித்துவிடுகின்றன.