விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வேண்டுமா? கலிஃபோர்னியா கவுண்டி கோர்ட்டில் கேட்டு வாங்கும் முறை

அப்போது சான் ஹோசேயில் இருந்த என் தோழி ஒருத்திக்கு மறுமணம் நிச்சயமானது. முதல் திருமணம் முறிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. "டைவர்ஸ் பேப்பர் எல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று ஃபைலை எடுத்து வந்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். மூலையில் எஃப்எல்-190 என்று அச்சிட்டிருந்தது. தீர்ப்பு பதிவாகிவிட்டது என்று கோர்ட் இரு தரப்புக்கும் தபாலில் அனுப்பும் அறிவிப்பு அது. தீர்ப்பு அல்ல. தீர்ப்பை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் அப்போது வக்கீல்கள்தான் கவனித்துக்கொண்டார்கள்.

இது அவளுக்கு மட்டும் நடப்பது அல்ல. கணவரின் விசாவைச் சார்ந்து அமெரிக்கா வந்த பெண்கள் பலரிடம், வழக்கு முடிந்த பிறகு கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை. அந்த நேரத்து மனநிலையில் யார் ஃபைல் போட்டு வைக்கப் போகிறார்கள்? ஆனால் மறுமணம், கிரீன் கார்டு, குடியுரிமை, பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றம், குறைந்தது பத்து வருடம் நீடித்த திருமணமாக இருந்தால் முன்னாள் துணையின் கணக்கில் கேட்கக்கூடிய சோஷியல் செக்யூரிட்டி ஓய்வுத் தொகை, இப்படி ஒவ்வொன்றுக்கும் அந்தத் தீர்ப்பைக் கேட்பார்கள். அதை எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதைக் கலிஃபோர்னியாவை வைத்துச் சொல்கிறேன்.

காகிதம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது

அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான விவாகரத்துப் பதிவேடு கிடையாது. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டம் போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். வழக்கு எந்தக் கவுண்டியில் போடப்பட்டதோ, அந்தக் கோர்ட்டின் கிளார்க் அலுவலகத்தில்தான் தீர்ப்பு இருக்கும்.

இங்கேதான் நிறைய பேர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் வாங்கிய பழக்கத்தில், விவாகரத்துக்கும் அங்கேயே போய் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே கிடைக்காது. அடுத்து, மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் வைட்டல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு எழுதுகிறார்கள். அவர்களிடம் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளின் குறிப்பு மட்டும்தான் உண்டு. அதுவும் இருவர் பெயர், மனு போட்ட தேதி, கவுண்டி, வழக்கு எண் ஆகியவை கொண்ட ஒரு சான்று. தீர்ப்பின் நகல் அல்ல. பெற்றோர் காலத்து வழக்கில் கவுண்டி எது என்றே தெரியாதவர்களுக்கு மட்டும் அது உதவும். வர மாதக்கணக்கில் ஆகும்.

எந்தக் கவுண்டி என்று நினைவில்லையா? கல்யாணம் மயிலாப்பூரில் நடந்ததா, லாஸ் வேகஸில் நடந்ததா என்பதை விட்டுவிடுங்கள். மனு போடுவதற்கு முன் இருவரில் ஒருவராவது ஆறு மாதம் கலிஃபோர்னியாவிலும், மூன்று மாதம் அந்தக் கவுண்டியிலும் வசித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அது எதிர்த் தரப்பு அப்போது குடியிருந்த இடமாகவும் இருக்கலாம். ஆகவே அந்தச் சமயத்தில் இருவரும் எங்கெங்கே வாடகைக்கு இருந்தீர்கள் என்று யோசியுங்கள். ஃப்ரீமாண்ட் என்றால் அலமீடா கவுண்டி. சன்னிவேல் என்றால் சாண்டா கிளாரா கவுண்டி. இரண்டும் காரில் அரை மணி நேர தூரம்தான், ஆனால் கோர்ட் வேறு.

வழக்கு எண்ணும் நம் பெயர்களும்

வழக்கு எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய நோட்டீஸ், வக்கீலின் மின்னஞ்சல், பில் எதிலாவது இருக்கும், தேடிப் பாருங்கள். என் தோழியின் ஒற்றைத் தாள் அப்போதுதான் பயன்பட்டது: எஃப்எல்-190இல் வழக்கு எண் இருந்தது.

எண் இல்லாவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டும். கோர்ட்டின் இணையதளத்திலோ, கோர்ட்டில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் கணினியிலோ நீங்களே தேடலாம். கிளார்க்கையும் தேடச் சொல்லலாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் தேடலுக்கு 15 டாலர் கட்டணம்.

நம் ஆட்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், இன்னொருவர் கணவர் பெயரை, மற்றொருவர் இனிஷியலை விரித்து ஊர்ப் பெயரையே போட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்து, அது வழக்குப் பதிவு வரை தொடர்ந்து வந்திருக்கும். இளங்கோ என்பதை ஆங்கிலத்தில் ஐ எழுத்தில் தொடங்குவார்களா, ஈ எழுத்தில் தொடங்குவார்களா? செந்திலில் டி-க்குப் பக்கத்தில் எச் உண்டா, இல்லையா? கணினிக்கு இவை வேறு வேறு ஆட்கள். இருவர் பெயரையும் தனித்தனியாக, முன்பின் மாற்றி, எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள். இருவரில் யாருடைய பெயர் அதிகம் குழப்பமில்லாததோ அதில் தொடங்குவது நல்லது. முதல் தேடலில் "பதிவு இல்லை" என்று வந்ததும் மனம் தளர்ந்து திரும்பிவிடாதீர்கள்.

என்ன கேட்க வேண்டும்

கவுன்டரில் "டைவர்ஸ் சர்ட்டிஃபிகேட்" என்று கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்பார்கள். கலிஃபோர்னியா சட்டத்தில் விவாகரத்துக்கு டிசொல்யூஷன் ஆஃப் மேரேஜ் என்று பெயர். தீர்ப்பு எழுதப்படும் படிவம் எஃப்எல்-180, ஜட்ஜ்மென்ட். "எஃப்எல்-180 ஜட்ஜ்மென்ட், இணைப்புகளோடு, சர்ட்டிஃபைடு காப்பி" என்று கேளுங்கள். இணைப்புகளோடு என்பதை மறக்காதீர்கள். சொத்துப் பிரிவு, ஜீவனாம்சம், குழந்தைகள் யாரிடம் என்ற ஒப்பந்தம் எல்லாம் இணைப்பில்தான் இருக்கும்.

அந்தப் படிவத்தின் முதல் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். வழக்கு விவரம் இருக்கும் மேல்பகுதியிலேயே, திருமண நிலை முடியும் தேதிக்கென்று ஒரு வரி உண்டு. நீதிபதி கையெழுத்துப் போட்ட தேதி வேறு, இது வேறு. பொதுவாக, எதிர்த் தரப்பின் கையில் மனு முறைப்படி சேர்க்கப்பட்டு ஆறு மாதமும் ஒரு நாளும் ஆகாமல் கலிஃபோர்னியாவில் திருமணம் சட்டப்படி முடியாது. இருவரும் சமாதானமாகப் பேசி மார்ச்சிலேயே தீர்ப்பு வாங்கியிருந்தாலும், முடியும் தேதி ஜூன் என்று இருக்கலாம். அந்த ஜூன் தேதிக்கு முன் செய்யும் மறுமணம் செல்லாது. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

சில வழக்குகளில் இரண்டு தீர்ப்புகள் இருக்கும். சொத்துத் தகராறு இழுத்துக்கொண்டே போகும்போது, திருமணத்தை மட்டும் முதலில் முடித்து ஒரு தீர்ப்பும், மற்றதற்குப் பின்னால் ஒரு தீர்ப்பும் கொடுப்பார்கள். உங்கள் வழக்கு அப்படி நடந்திருந்தால் இரண்டையும் கேளுங்கள்.

சரி, எந்த வகை நகல்? சாதா ஜெராக்ஸ் பக்கத்துக்கு 50 சென்ட். கோர்ட் முத்திரையோடு கிளார்க் சான்றளித்த சர்ட்டிஃபைடு காப்பி, விவாகரத்துப் பதிவுக்கு 15 டாலர். மற்ற ஆவணங்களுக்கு 40 டாலர். கட்டணம் மாறக்கூடியது என்பதால் போவதற்கு முன் கோர்ட்டின் கட்டணப் பட்டியலை ஒரு முறை பாருங்கள். குடியேற்றத் துறைக்கு அனுப்பும் மனுவோடு பெரும்பாலும் தெளிவான ஜெராக்ஸ் வைத்தால் போதும். ஆனால் நேர்காணலுக்குப் போகும்போது சான்றளித்த நகலைக் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பழைய பெயருக்குத் திரும்ப வேண்டுமென்றால் சான்றளித்ததுதான் வேண்டும், அதில் பெயரைத் திரும்பப் பெற அனுமதித்த உத்தரவும் இருக்க வேண்டும்.

குறைந்தது இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை ஏதாவது ஓர் அலுவலகம் எடுத்துக்கொண்டு திருப்பித் தராது.

கேட்கும் வழி

நேரில் போவதுதான் வேகம். சாண்டா கிளாரா கவுண்டிக்காரர்களுக்கு, சான் ஹோசேயில் நார்த் ஃபர்ஸ்ட் தெருவில் 201ஆம் எண்ணில் இருக்கும் ஃபேமிலி ஜஸ்டிஸ் சென்டர் கோர்ட். புதிய வழக்கு என்றால் அன்றே கிடைத்துவிடலாம். பழைய வழக்குகள் மைக்ரோஃபிலிமிலோ, வெளியே இருக்கும் கிடங்கிலோ இருக்கும், வரவழைக்க நாளாகும். முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் லீவு மிச்சம்.

வேறு ஊருக்கோ இந்தியாவுக்கோ போய்விட்டவர்கள் தபாலில் கேட்கலாம். கடிதத்தில் இருவரின் முழுப் பெயர், வழக்கு எண், எந்த ஆவணம், எத்தனை நகல், உங்கள் தொலைபேசி எண். கூடவே உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை, காசோலை. எத்தனை பக்கம் என்று தெரியாதபோது எவ்வளவுக்குக் காசோலை எழுதுவது? அதற்கு ஒரு வழக்கம் உண்டு: தொகைக் கட்டத்தைக் காலியாக விட்டு, "இத்தனை டாலருக்கு மேற்படாமல்" என்று ஆங்கிலத்தில் காசோலையிலேயே எழுதி அனுப்புவார்கள். பல கோர்ட்டுகள் இதை ஏற்று, சரியான தொகையை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். என் தோழி அதற்குள் சியாட்டிலுக்குக் குடிபோயிருந்ததால் இப்படித்தான் வாங்கினாள். உறை வந்த அன்று, முத்திரையை விரலால் தடவிப் பார்த்ததாகச் சொன்னாள்.

வீட்டிலிருந்தே இணையத்தில் தீர்ப்பைத் தரவிறக்க முடியாதா என்று கேட்பார்கள். கலிஃபோர்னியா கோர்ட் விதிகளின்படி, குடும்ப வழக்குகளில் எந்த நாளில் என்ன தாக்கலானது என்ற பட்டியலைத்தான் பொதுமக்கள் தொலைவிலிருந்து பார்க்கலாம். ஆவணங்களைத் திறக்க முடியாது. கோர்ட்டுக்கு நேரில் போனால் பார்க்கலாம்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் என் ஃபைலைப் பார்க்கலாமா? ஆம், விவாகரத்து வழக்கு இங்கே பொது ஆவணம். கேட்கவே சங்கடமாகத்தான் இருக்கும், எனக்கும் இது பிடித்தமான விஷயம் அல்ல. ஆனால் எல்லாமே திறந்து கிடப்பதில்லை. குழந்தைகள் குறித்த மதிப்பீட்டு அறிக்கைகள், வருமான வரிக் கணக்குகள் மூடியே இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றவை தாக்கல் செய்யும்போதே மறைக்கப்பட வேண்டும்.

இந்தியாவில் காட்ட வேண்டும் என்றால்

இதற்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. இந்தியாவில் நடந்த திருமணத்தை அமெரிக்க கோர்ட் முறித்தது செல்லுமா என்பது பற்றி 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. அந்த வழக்கில் இருந்ததும் ஒரு கவுண்டி கோர்ட்டின் தீர்ப்புதான்: மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ் கவுண்டி. வெளிநாட்டுத் தீர்ப்பின் வெறும் போட்டோஸ்டாட் நகலைக் காட்டினால் போதாது, முறைப்படி சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். இரு தரப்பும் மனமுவந்து அந்தக் கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்றார்களா, எந்தக் காரணத்துக்காக விவாகரத்து கொடுக்கப்பட்டது என்பதையும் பார்ப்பார்கள். உங்கள் தீர்ப்பு அங்கே செல்லுமா என்பதைச் சென்னையிலோ மதுரையிலோ குடும்ப வழக்கு நடத்தும் வக்கீலிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

காகிதத்தைப் பொறுத்தவரை, இப்போது அப்போஸ்டில் போதும்: ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று இன்னொரு நாடு ஏற்க உதவும் சான்று அது. 2005 முதல் இந்தியா அதற்கான நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தில் இருக்கிறது. சான்றளித்த நகலை மாநில செகரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கு அனுப்பினால் ஒரு தாளை இணைத்து முத்திரையிட்டுத் தருவார்கள். ஒன்றுக்கு 20 டாலர். சாக்ரமென்டோ, லாஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகங்களில் நேரிலும் வாங்கலாம். அதற்குத் தனியாக 6 டாலர். கோர்ட்டில் நகல் கேட்கும்போதே "அப்போஸ்டிலுக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். யார் கையெழுத்து இருந்தால் ஏற்பார்கள் என்பது கிளார்க்குக்குத் தெரியும்.

மற்ற மாநிலங்கள்

ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. டெக்சாஸில் கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் போக வேண்டும். இல்லினாயில் சர்க்யூட் கிளார்க். நியூயார்க்கில் வழக்கு ஃபைல் மூடப்பட்டது: சம்பந்தப்பட்ட இருவரும் அவர்களின் வக்கீல்களும் தவிர வேறு யாருக்கும் கோர்ட் உத்தரவில்லாமல் காட்ட மாட்டார்கள். அங்கே அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள்.

பெயரைப் போட்டால் விவாகரத்துப் பதிவைக் காட்டுகிறோம் என்று பணம் கேட்கும் தனியார் தளங்கள் ஏராளம். அவை தருவது எந்த அலுவலகத்திலும் செல்லாது. கோர்ட்டின் சொந்த இணையதளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டுத்தான் கார்டு எண்ணைக் கொடுக்க வேண்டும்.

கையில் பணமில்லை என்றால், உங்கள் வழக்கிலேயே கட்டண விலக்கு கேட்க எஃப்டபிள்யூ-001 என்ற படிவம் இருக்கிறது. அனுமதித்தால் நகல் எடுப்பதும் சான்றளிப்பதும் அதில் அடங்கும். நிரப்பத் தெரியாவிட்டால் கோர்ட்டின் செல்ஃப் ஹெல்ப் சென்டரில் உட்கார்ந்து உதவுவார்கள். அங்கே கட்டணம் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.