ஒலி டிகோடரும் ‘குறிநீக்கி’யும்

மாதிரி ரயில் எஞ்சினுக்குள் வைத்து ஹாரன் போன்ற சத்தங்களை வரவழைக்கும் சிறு மின்னணுக் கருவியான சவுண்ட் டிகோடரை ‘ஒலிக் குறிநீக்கி’ என்று எழுதியிருப்பதை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டேன். புதிதாக மாதிரி ரயில் சேர்க்கத் தொடங்கியிருக்கும் நண்பரின் மகன் அதைப் படித்துவிட்டு, “மாமா, எஞ்சின்ல சத்தம் வரணும்னுதான் கேட்டேன். இது சத்தத்தை எடுத்துடுமா?” என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. கறைநீக்கி கறையைப் போக்கும். அப்படியென்றால் ஒலிக் குறிநீக்கி எதைப் போக்கும்?

முதலில் வேரைப் பார்த்துவிடுவோம். டிகோடரில் இருக்கும் ‘கோட்’ லத்தீனின் ‘கோடெக்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. மரத்தண்டு என்ற பொருளில் தொடங்கி, எழுதும் மரப்பலகை, ஏடு, சட்டநூல் என்று நகர்ந்து, கடைசியில் சமிக்ஞைத் தொகுதியைக் குறித்தது. நம் ‘ஏடு’ ஓலையிலிருந்து புத்தகத்துக்கு வந்ததும் இதே வழிதான்.

சரி, ‘நீக்கி’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலச் சொல்லின் முன்னால் ‘டி’ ஒட்டியிருந்தால் உடனே ‘நீக்கி’ போடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களின் பழக்கமாகிவிட்டது. கருவி என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது. மாதிரி ரயில்களை டிஜிட்டல் கட்டளைகளால் இயக்கும் டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையில் தண்டவாளம் மின்சாரத்தோடு கட்டளையையும் சுமக்கிறது. மின்னழுத்தம் திசை மாறி மாறித் துடிக்கும். துடிப்பின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது 1. 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் 0. இப்படி வரும் சிறு பொட்டலத்தில் எஞ்சினின் முகவரி, கட்டளை, பிழை சரிபார்க்கும் பகுதி எல்லாம் இருக்கும். புது எஞ்சின் பெரும்பாலும் 3 என்ற முகவரியோடு வரும். ‘3, ஹாரன்’ என்று சுருக்கமாக வந்ததை வாங்கி, பதிவாகியிருக்கும் ஹாரன் ஒலியைத் தேடி எடுத்து, பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது டிகோடர். இதில் எந்தக் குறியும் நீங்கவில்லை. சுருங்கி வந்தது விரிகிறது, அவ்வளவுதான்.

‘மறைநீக்கி’ என்று திருத்தியவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். மறைநீக்கம் ரகசியச் செய்திகளுக்கு உரிய சொல். டிசிசியில் ரகசியமே கிடையாது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் 1990களில் தரநிலை வகுத்து, யாரும் படிக்கலாம் என்று வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் டிகோடரோடு பேசுவது அந்த வெளிப்படைத்தன்மையால்தான். அதன் பெயரிலேயே ‘மறை’யைத் திணிப்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

நம் இலக்கணத்திலேயே பொருத்தமான சொல் இருக்கிறது. ‘தயிர்க்குடம்’ தொகை, ‘தயிரை உடைய குடம்’ அதன் விரி. பள்ளியில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். டிகோடர் செய்வதும் தொகையை விரிப்பதுதான். ஆகவே பொதுவாகக் ‘குறியீட்டு விரிப்பி’, ரயில்காரர்களுக்குச் சுருக்கமாக ‘விரிப்பி’, சத்தம் தருவதற்கு ‘ஒலி விரிப்பி’. பாய்விரிப்பு நினைவுக்கு வருகிறது என்பார்கள். நாலு முறை சொன்னால் பழகிவிடும். பிடிக்கவில்லையென்றால் ‘டிகோடர்’ என்றே எழுதுங்கள், எனக்குச் சம்மதம். தவறான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

இந்தத் துறையில் கோளாறு இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஸ்பீக்கரும் ‘ஒலிபெருக்கி’, ஆம்ப்ளிஃபயரும் ‘ஒலிபெருக்கி’. விரிப்பிக்குள் ஒன்று, வெளியே இன்னொன்று இருக்கும்போது எதை எதோடு இணைப்பது? ஸ்பீக்கரை அடைக்கும் சிறு பெட்டியை ‘உறை’ என்று மொழிபெயர்த்ததைப் பார்த்து, துணியில் சுற்றி வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியோடு கலந்தால் ஒன்றையொன்று அழித்து, சத்தம் சன்னமாகிவிடும். அதைத் தடுக்கத்தான் காற்றுப் புகாத பெட்டி. 1:87 அளவு எஞ்சினில் அதற்குக் கிடைப்பதே விரல்நுனி இடம். ‘பெட்டி’ என்று எழுத என்ன தயக்கமோ!

நீராவி எஞ்சினின் ‘சஃப்’ ஒலியை ‘புகைச்சத்தம்’ என்கிறார்கள். சிலிண்டரில் வேலை முடித்த நீராவி வெளியேறும் சத்தம் அது. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும், ஆக உந்துசக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு. நம் குழந்தைகள் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: குப்குப். நான் அப்படியேதான் எழுதப்போகிறேன்.

நண்பரின் மகனுக்கு எழுதிக் கொடுத்தது இது: “விரிப்பியின் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சு, சாம்பல் கம்பிகள் மோட்டாருக்கு. ஸ்பீக்கரைப் பெட்டியில் ஒட்டிவிட்டு அப்புறம் இணை.” மறுநாள் மாலை போனில் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.