ஹெச்டி சேனல் மாத்தினா படம் வர ஏன் லேட் ஆகுது?

புதுசா ஹெச்டி கனெக்‌ஷன் போட்டதும் கண்ணு மொதல்ல போறது முகத்து மேலதான், தாடி முடி ஒவ்வொண்ணா தெரியுது, சட்டைத் துணியோட நெசவு கூட தெரியுது, அவ்ளோ அழகு. அடுத்து கவனிக்கறது சேனல் மாத்தும்போது வர்ற அந்தச் சின்ன தாமதம். அனலாக் டிவில இது கிடையாது, பட்டனை அமுக்கின உடனே படம் வந்துடும். பாக்ஸ் ஸ்லோன்னு நெறைய பேர் நினைக்கறாங்க, பெரும்பாலும் காரணம் வேற.

ஃபுல் ஹெச்டின்னா குறுக்க 1920, நெடுக்க 1080 புள்ளி, மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. பழைய சாதாரண சேனலோட 720க்கு 576 படத்துல 4 லட்சத்து சொச்சம்தான். ஒரு புள்ளியோட கலரைச் சொல்ல 24 பிட் (பிட்னா ஒரு 0 இல்ல 1), செகண்டுக்கு 25 படம்னு பெருக்கிப் பாருங்க, செகண்டுக்கு 124 கோடி பிட் வருது. சாதாரணமா ஒரு சேனலுக்குக் கிடைக்கறது அதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல!

மிச்சத்தை அனுப்பறதே இல்ல. நம்ம கண்ணு வெளிச்சத்தைப் பிடிக்கற அளவுக்கு கலரைத் துல்லியமா பிடிக்காது, அதனால நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே கலர் விவரம்தான் போகும். ஆனா பெரிய சேமிப்பு வேற இடத்துல. நியூஸ் வாசிக்கறவருக்குப் பின்னாடி இருக்கற சுவர் மாறவே இல்லையே, அதை செகண்டுக்கு 25 தடவை எதுக்கு அனுப்பணும்? 2003ல வந்த ஹெச்.264ங்கற வீடியோ சுருக்கற முறைல ஒரு படம் முழுசா வரும், அதுக்கப்புறம் வர்றதெல்லாம் வெறும் குறிப்புதான், இந்த 16க்கு 16 கட்டம் இவ்ளோ தள்ளிப் போயிருக்கு, இது அப்படியே இருக்குன்னு. நாம சேனல் மாத்தறப்போ அந்தக் குறிப்புகளுக்கு நடுவுல போய் நிக்கறோம், எந்தப் படத்துல எதை நகர்த்தறதுன்னு பாக்ஸுக்குத் தெரியாது, அடுத்த முழுப்படம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும். தாமதத்துல பெரும்பங்கு இதுதான்.

மேட்ச்ல ஜெயிச்சு கோப்பை வாங்கறப்போ மேலேர்ந்து கலர் காகிதம் கொட்டுவாங்கல்ல, அப்ப உத்துப் பாருங்க. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் பறக்குது, முந்தின படத்துலேர்ந்து எடுத்து நகர்த்த எதுவுமே இல்ல, குறிப்பே முழுப்படம் அளவுக்கு வீங்கிடும், இடம் பத்தாம நுணுக்கமெல்லாம் காலி, ஜெயிச்சவர் முகம் கட்டம் கட்டமா உடையும். மழை, அலை, கூட்டம் எல்லாத்துக்கும் இதே கதைதான். என்னைக் கேட்டா ஒரு சேனலோட தரத்தை லோகோவுல இருக்கற ஹெச்டிங்கற எழுத்தை வெச்சு பாக்காதீங்க, இந்த மாதிரி சீன்ல எப்படித் தாங்குதுன்னு பாருங்க.

அதோட பாக்ஸ்லேர்ந்து டிவிக்குப் போற ஒயரையும் பாத்துடுங்க, மஞ்சள் பின் ஒயர்ல ஹெச்டி வரவே வராது, ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் வேணும்.