ஏரி எப்போது கண்ணாடி, எப்போது ஜன்னல்?

கேமராவோடு ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கவனித்துவிடுவார்கள். காலடித் தண்ணீருக்குள் கூழாங்கல், பாசி, மீன்குஞ்சு எல்லாம் தெரியும். அதே தண்ணீர் கொஞ்சம் தள்ளிப் போனதும் வானத்தையும் மரங்களையும் மட்டும்தான் காட்டும். தண்ணீர் மாறவில்லை, நாம் பார்க்கும் கோணம்தான் மாறுகிறது. ஏரிப் படங்களைப் பொறுத்தவரை லென்ஸைவிட இந்தக் கோணம் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

நேர் கீழே பார்த்தால் நீர்ப்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி வெறும் 2 சதவீதம். மிச்சமெல்லாம் உள்ளே போய்விடும், அதனால்தான் அடித்தரை தெரிகிறது. பார்வை சாயச் சாய இந்த அளவு முதலில் மெதுவாகவும் அப்புறம் கிடுகிடுவென்றும் ஏறும். கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 2 மீட்டர் தள்ளியிருக்கும் நீர் சுமார் 4 சதவீத ஒளியைத்தான் திருப்பும், 10 மீட்டர் தள்ளியிருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், 20 மீட்டரில் ஏறக்குறைய 60 சதவீதம். சரி, இப்போது குந்தி உட்கார்ந்து கேமராவை நீருக்கு 20 சென்டிமீட்டர் மேலே கொண்டுவாருங்கள். 4 சதவீதம் திருப்பிய அந்த 2 மீட்டர் இடமே பாதிக்கு மேல் ஒளியைத் திருப்ப ஆரம்பிக்கும். நின்றால் ஜன்னல், உட்கார்ந்தால் கண்ணாடி.

ஒளி முழுவதும் திரும்பி வராததால்தான் நீரில் தெரியும் மரம் கரையில் நிற்கும் மரத்தைவிடக் கொஞ்சம் இருட்டாக இருக்கிறது. பிம்பம் அப்படியே தலைகீழ் நகலும் இல்லை. நீர்மட்டத்துக்கு மேலே கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழத்தில் இன்னொரு கேமரா இருந்து மேலே பார்த்தால் எது தெரியுமோ, அதைத்தான் பிம்பம் காட்டும். இலைகளின் அடிப்பக்கம், பாலத்தின் வயிற்றுப் பகுதி என்று நேரில் நம் கண்ணுக்கு எட்டாததெல்லாம் அதில் கிடைக்கும்.

லென்ஸின் முன்னால் மாட்டி, குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியைத் தடுக்கும் போலரைசர் ஃபில்டர் வேலை செய்வதும் இதே கோணக் கணக்கில்தான். சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது, ஆனால் நீர்ப்பரப்பு கிடைமட்ட அதிர்வுகளையே அதிகம் திருப்பி அனுப்பும். செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் திரும்பி வருவது கிடைமட்ட அதிர்வு மட்டுமே. இதற்கான விதியை டேவிட் புரூஸ்டர் 1815-இல் வெளியிட்டார், கோணத்துக்கும் அவர் பெயர்தான். ஃபில்டரைத் திருகி அந்த அதிர்வைத் தடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால் பளபளப்பு மறைந்து அடியில் இருப்பது தெளிவாகத் தெரியும். நிற்பவருக்கு அந்த 53 டிகிரி விழுவது சுமார் 2 மீட்டர் தள்ளி. அதனால் எதிர்க்கரைப் பக்கத்துப் பளபளப்பை ஃபில்டர் குறைக்குமே தவிர முழுதாக நீக்காது, அகன்ற லென்ஸ் போட்டால் படத்தில் ஒரு பகுதி மட்டும் தெளிந்து மற்ற பகுதி வெளுத்தே இருக்கும். போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) வெளிச்சத்தையும் விழுங்கும், ஆகவே பறக்கும் கொக்கை எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுவதே நல்லது.

நம் கண்ணுக்கு இந்த அதிர்வுத் திசை தெரிவதில்லை, தட்டான்களுக்குத் தெரியும். கிடைமட்டமாக அதிரும் ஒளியை வைத்துத்தான் அவை தண்ணீரை அடையாளம் காண்கின்றன. பளபளப்பான கார் மேற்பரப்பும் அப்படிப்பட்ட ஒளியையே திருப்புவதால், பாவம், சில தட்டான்கள் அதன் மேலேயே முட்டையிட்டுவிடுகின்றன.

கடைசியாக ஃபோகஸ். பிம்பம் நீரின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நீர் 2 மீட்டரில் இருந்தாலும், மரத்திலிருந்து நீருக்கும் நீரிலிருந்து லென்ஸுக்கும் ஒளி மொத்தம் 30 மீட்டர் வந்திருந்தால் ஃபோகஸும் 30 மீட்டரில்தான் இருக்க வேண்டும். மிதக்கும் இலையைக் கூர்மையாக்கினால் மரத்தின் பிம்பம் மங்கும், பிம்பத்தைக் கூர்மையாக்கினால் இலை மங்கும். இரண்டும் வேண்டுமென்றால் எஃப் 11, எஃப் 16 என்று அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை, சுருக்கி, ஷட்டர் வேகம் குறைவதை ஈடுகட்ட கேமராவை அசையாமல் எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள்.